கொலு இறங்கும் வேளை, கறிவேப்பிலை உள்ளே வரும் வேளை

நவராத்திரி முடிந்து கொலுப் பொம்மைகளைக் கட்டி வைத்த சில நாட்களில் நியூஜெர்சியில் உறைபனி தொடங்கிவிடும். கோடை முழுவதும் பின்கட்டில் தழைத்த கறிவேப்பிலையும் துளசியும் ஒரே இரவில் கருகிவிடலாம். அவற்றைக் காக்கக் கடைக்குச் சென்று எதுவும் வாங்க வேண்டியதில்லை. நாம் தூக்கி எறியும் பொருட்களே போதும்.

1. கறிவேப்பிலை: இரவு வெப்பநிலை 50 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும் முன்பே தொட்டியை வீட்டினுள் கொண்டு வாருங்கள். அதற்கு முன், காலியான ஸ்பிரே பாட்டிலை நன்கு கழுவி, தண்ணீரில் சில துளி மென்மையான சோப்பு கலந்து, இலைகளின் அடிப்புறத்தில் தெளித்துக் கழுவுங்கள். பூச்சிகள் உள்ளே வராது. தெற்குப் பார்த்த ஜன்னலோரம் நல்ல இடம். பால் கேலனின் மூடியில் சிறு துளைகள் இட்டால் பூவாளி தயார். மண்ணின் மேற்பகுதி காய்ந்த பிறகே நீர் விடுங்கள்.

குளிர்காலத்தில் இலைகள் எல்லாம் உதிரலாம். அதைக் கண்டு செடி போய்விட்டது என்று எண்ணி, எங்கள் முதல் செடியைக் குப்பையில் போட்டோம். அந்தத் தவறைச் செய்யாதீர்கள்! தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, வசந்தத்தில் துளிர்க்கும்.

இழந்த செடிக்கு மாற்றுக் கிடைப்பதும் எளிதல்ல. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் தங்கும் ஒரு சிறு பூச்சி, ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிறது. அந்நோய் 2005இல் ஃப்ளோரிடாவிலும், 2012இல் டெக்சாஸ், கலிபோர்னியாவிலும் கண்டறியப்பட்டது. எனவே செடிகளையும் இலைகளையும் அங்கிருந்து கொண்டுவர மத்திய வேளாண் துறையின் கட்டுப்பாடுகள் உள்ளன. உறவினர் வீட்டிலிருந்து ஆசையாக எடுத்து வர வேண்டாம்.

2. துளசி: உள்ளே வைத்தாலும் துளசி சில சமயம் தாங்காது. ஆகவே காய்ந்த கதிர்களை இப்போதே உதிர்த்து, காலியான மாத்திரைக் குப்பியில் தேதி எழுதி வையுங்கள். மார்ச் மாதத்தில் தயிர் டப்பாவின் அடியில் துளையிட்டு, வீட்டினுள்ளேயே விதைக்கலாம்.

3. உதிர்ந்த இலைகள்: 1987ஆம் ஆண்டின் மறுசுழற்சிச் சட்டத்தின்படி நம் மாநிலத்தில் இலைகளைக் குப்பைமேட்டுக்கு அனுப்பக் கூடாது. நமக்கோ அவை உரம்! காலி அரிசிப் பையில் சில துளைகள் இட்டு, நனைந்த இலைகளை அடைத்து, வாயைக் கட்டி ஒரு மூலையில் வையுங்கள். ஓரிரு ஆண்டுகளில் கருமையான இலைமக்கு கிடைக்கும். பூஜையில் எடுத்த மலர்களையும் நூல் நீக்கிச் சேர்க்கலாம்.

4. புதிய பாத்தி: அடுத்த ஆண்டு வெண்டை, கத்தரி போட விரும்பும் புல்தரையில், டேப் நீக்கிய அட்டைப் பெட்டிகளை விரித்து நனையுங்கள். அதன்மேல் ஓரடி உயரம் இலைகளைப் பரப்புங்கள். வசந்தத்திற்குள் அடியிலுள்ள புல் மடியும், மண்புழுக்கள் மண்ணை இளக்கும்.

இப்பணிகளில் குழந்தைகளையும் சேர்த்துக் கொள்ளுங்கள். நகத்தால் கீறிப் பச்சையைக் காணும் வேலையை அவர்களிடமே விடுங்கள். வசந்தத்தில் முதல் துளிரை அவர்களே வந்து சொல்வார்கள்.