கம்பி மறையும் முன்

அன்புள்ள மக்கா,

கோணம் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த கையோடு குளச்சல் பக்கம் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்த சேதி கிடைத்தது. முதல் நாளே வருகைப் பதிவேட்டையும் சிமெண்ட் குடோன் சாவியையும் தந்துவிட்டார்கள், வேலை சொல்லித்தர ஆளில்லை என்று வருந்தியிருக்கிறாய். நியாயமான வருத்தம். நம்மூரில் பல சைட்டுகளில் சூப்பர்வைசரை மூட்டை எண்ணத்தான் வைக்கிறார்கள். நீ அதோடு நின்றுவிடாதே.

முதலில் கம்பி கட்டுகிறவர்களோடு போய் உட்கார். கொக்கியை வாங்கி நீயே கட்டிப் பார். கவர் பிளாக் எங்கே நழுவும், ஆள் நடந்தால் மேல்கம்பி எவ்வளவு அமுங்கும் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும். கடற்கரையில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கும். துரு பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ஐ.எஸ். 456 விதிப்படி, காற்றும் மழையும் அண்டாத சாதாரண இடத்துக்குக் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், 20 மில்லிமீட்டர் என்றால், கடல்நீர் தெறிக்கிற இடத்துக்கு 50. ஊற்றிய பிறகு அளந்து என்ன பயன்? கலவை வருவதற்கு முன்பே டேப்போடு பலகைமேல் ஏறி நில்.

நாளைக்கே ஆரல்வாய்மொழியில் வேலை கிடைத்தால் பாடம் மாறிவிடும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று புதுத் தளத்தின் ஈரத்தை உறிஞ்சும். மட்டப்பலகை இழுத்து முடிப்பதற்குள் மயிரிழை வெடிப்பு ஓடும். அங்கே விடியற்காலையில் ஊற்று, உடனே பாலித்தீன் விரி, இறுகியதும் நனைந்த சாக்கு போடு. காற்று போதாதென்று நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மணல் நனைந்திருந்தால் கலவைத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். "கட்டியா இருக்கு, ஒரு வாளி விடுங்க" என்று கேட்பார்கள். விடாதே.

முட்டு பிரிக்கவும் அவசரப்படுத்துவார்கள். 4.5 மீட்டருக்கு மேல் நீளும் தளமென்றால் குறைந்தது 14 நாள் முட்டு நிற்கட்டும். ஊற்றிய தேதியைச் சுவரிலேயே எழுதி வை.

இன்னொன்று, இந்தி பழகு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள்தான் பல சைட்டுகளில் சாரத்தில் நிற்கிறார்கள். "நிறுத்து, கீழே இறங்கு" என்று அவர்களுக்குப் புரியும்படி கத்தத் தெரியாதவன் சூப்பர்வைசர் இல்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் கூலிக்கு வந்தவர்கள். கட்டடம் சரிந்தால் முதலில் அடியில் சிக்குவது அவர்கள்தான்.

வாரம் ஒரு மணி நேரம் வரைபடம் சொல்லித்தரும்படி உன் இன்ஜினியரிடம் கேள். வெட்கப்படாதே, கேட்காமல் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பி வரைபடத்தின் நகலோடு வீட்டுக்கு வா, நானும் பார்க்கிறேன்.

உன் சித்தப்பா