இணையம்: பெற்றதும் காக்க வேண்டியதும்



முப்பது ஆண்டுகளுக்கு முன் ஊரைவிட்டு வடக்கே வந்து குடியேறிய நம்மில் பலருக்கு, ஊரோடு இருந்த தொடர்பு ஓர் இன்லண்டு கடிதமும் எஸ்.டி.டி. பூத்தில் சில நிமிடப் பேச்சும்தான். இரவில் கட்டணம் குறையும் நேரத்துக்காக வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. அன்று ஒரு சிலருக்கே எட்டிய அவ்வசதி இன்று பாட்டியின் கைப்பேசியிலும் இருக்கிறது. இதனால் நாம் பெற்றது என்ன, காக்க வேண்டியது என்ன என்று இப்பாடத்தில் பார்ப்போம்.

நன்மைகள்

முதலாவது, மொழி. பள்ளியில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாத பிள்ளைகள் நம் வீடுகளில் அதிகம். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் கருதாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கி வருகிறார்கள். தமிழ்நாடு அரசு 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. அரிச்சுவடியிலிருந்து பட்டப்படிப்பு வரை வீட்டிலிருந்தே கற்க அது வழிசெய்தது.

இரண்டாவது, உறவு. பேரன் எடுத்து வைக்கும் முதல் அடியை ஊரிலிருக்கும் தாத்தா அப்போதே பார்த்து மகிழ்கிறார்.

மூன்றாவது, அன்றாட வசதி. ரயில் டிக்கெட்டுக்காக விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் திட்டத்தால், பிள்ளைகளுடன் வெளியூரில் வசிக்கும் ஓய்வூதியர்கள் இருந்த இடத்திலிருந்தே ஆயுள் சான்று அளிக்கலாம்.

தீமைகள்

எங்கள் சங்க உறுப்பினர் ஒருவரின் தாயாருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் தனியே இருப்பவர் அவர். ஒருநாள் கைப்பேசியில் இந்தியில் யாரோ அதட்டினார்கள். புரியாமல் திகைத்தபோது, "தமிழ் அதிகாரி" என்று ஒருவர் பேச வந்தார். அம்மாவின் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். வீடியோவில் காக்கிச் சட்டை தெரிந்தது. "உங்களை டிஜிட்டல் அரஸ்ட் செய்திருக்கிறோம். மகனிடம் சொன்னால் அவரும் மாட்டிக்கொள்வார்" என்றார்கள். வேற்றூரில் தமிழ்க்குரல் கேட்டதும் அந்த அம்மாள் நம்பிவிட்டார். சேமிப்பு முழுவதும் கைமாறியது.

மகனுக்குத் தெரிந்தது ஒரு வாரம் கழித்துத்தான். "ஏம்மா என்கிட்ட சொல்லலே?" என்று கேட்டதற்கு, "நீ திட்டுவியோன்னு பயமா இருந்துச்சுப்பா" என்றாராம். அதற்குள் பணம் பல கணக்குகள் தாண்டிப் போய்விட்டது.

கைப்பேசி வழியாக ஒருவரைக் கைது செய்ய நம் நாட்டில் எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. "யாரிடமும் சொல்லாதே" என்ற சொல்லே மோசடியின் அடையாளம்.

பிள்ளைகளுக்கு வரும் ஆபத்தும் இத்தகையதே. விளையாட்டில் நண்பனாக அறிமுகமாகும் அந்நியன், மெல்லப் பழகி ஒரு படத்தைக் கேட்டு வாங்குவான். பிறகு அதைக் காட்டியே மிரட்டுவான். "அப்பா அடிப்பாரே" என்ற அச்சத்தில் பிள்ளை வாய் திறக்காது. கெட்டவனுக்கு நம் வீட்டில் துணை நிற்பது இந்த அச்சம்தான்.

செய்ய வேண்டியவை

1. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் தெரிவியுங்கள். தாமதமின்றிச் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்புண்டு.

2. ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். யு.பி.ஐ. மூலம் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. அதைக் கேட்டால், உங்கள் பணம் வெளியே போகிறது என்று பொருள்.

3. மிரட்டல் வந்தால் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வீட்டாரையோ அண்டை வீட்டாரையோ கூப்பிடுங்கள். பெரியவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இரண்டு எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

4. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒரு வாக்குக் கொடுங்கள்: "என்ன தவறு நடந்திருந்தாலும் முதலில் சொல், திட்ட மாட்டேன்." தாயாருக்கும் பிள்ளைக்கும் இதை ஒன்றுபோலச் சொல்லுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

வீட்டுப்பாடம்

வரும் ஞாயிற்றுக்கிழமை உணவுக்குப்பின் குடும்பத்தோடு அமர்ந்து இவற்றைப் பேசுங்கள்.

அ) இந்த மாதம் முன்பின் தெரியாதவர் யாரேனும் நம்மைத் தொடர்பு கொண்டார்களா?

ஆ) பகலில் தனியே இருப்பவருக்கு அவசரத்தில் உதவ, நம் மொழி தெரிந்த ஒருவர் அருகில் உண்டா?

இ) மதுரைத் திட்டத்திலிருந்து ஒரு நூலைத் தேர்ந்தெடுத்து, பெரியவர் வாசிக்கப் பிள்ளைகள் கேட்கலாமா?

இரண்டாம் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வரும் வீடுகள் நம் சங்கத்தாரிடம் தயங்காமல் தெரிவிக்கவும். ஆளுக்கொரு வீட்டுக்குத் துணையாக இருப்பதும் சங்கத்தின் வேலைதானே!