சூடேற்றினால் பிரியும் கலவை

குளிர்ந்த நீரில் கரைவதைவிட வெந்நீரில் சர்க்கரை மிகுதியாகக் கரையும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே, சூடேற்றினால் எதுவும் நன்றாகக் கலக்கும் என்றே எண்ணிவிடுகிறோம். இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும் ஒரு பிளாஸ்டிக் கலவையைப் பார்ப்போம்.

சி.டி. வைக்கும் கண்ணாடி போன்ற பெட்டி பாலிஸ்டைரீனால் ஆனது. அது விறைப்பானது, வளைத்தால் உடைந்துவிடும். சுமார் 100 டிகிரி செல்சியசில்தான் இளகத் தொடங்கும். பாலிவினைல் மெத்தில் ஈதர் என்பதோ பிசுபிசுப்பான பொருள். பூச்சியத்துக்குக் கீழே சுமார் 30 டிகிரிக்குப் போனால்தான் இறுகும். இவ்விரண்டையும் டொலுவீனில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றி உலர்த்தினால் தெளிவான படலம் கிடைக்கும். அது இளகும் வெப்பநிலையும் ஒன்றே ஒன்றாக, இரண்டுக்கும் இடையில் அமையும். மூலக்கூறு அளவில் இரண்டும் கலந்துவிட்டன என்பதற்கு இதுவே சான்று. (வேடிக்கை என்னவென்றால், டொலுவீனுக்குப் பதில் குளோரோஃபாரத்தில் கரைத்து உலர்த்தினால் படலம் தொடக்கத்திலேயே மங்கலாக இருக்கும்!)

தெளிவான படலத்தைச் சூடேற்றுவோம். மூலக்கூறுகளின் நீளத்தையும் கலவை விகிதத்தையும் பொறுத்து, பெரும்பாலும் 100 முதல் 150 டிகிரிக்குள் அது பால்போல் வெளுத்துவிடும். ஒன்றாக இருந்தவை நுண்ணிய பகுதிகளாகப் பிரிந்துவிட்டன. பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் 1.59, மற்றதினுடையது 1.47. இந்த வேறுபாட்டால் ஒளி சிதறுகிறது. பால் வெண்மையாகத் தெரிவதற்கும் இத்தகைய சிதறலே காரணம்.

ஏன் பிரிய வேண்டும்? உதிரி மல்லிகையையும் உதிரிக் கனகாம்பரத்தையும் ஒரு கூடையில் கொட்டிக் குலுக்குங்கள். எண்ணற்ற வகைகளில் கலக்கும். அதே பூக்களைத் தனித்தனிச் சரங்களாகத் தொடுத்தபின் குலுக்கினால்? ஒவ்வொரு பூவும் அடுத்த பூவோடு கட்டுண்டிருப்பதால் கலக்கும் வகைகள் மிகவும் குறைந்துவிடுகின்றன. பாலிமர் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கான கண்ணிகள் கொண்ட சரங்கள். 1940-களின் தொடக்கத்தில் ஃபுளோரி, ஹக்கின்ஸ் ஆகிய இருவரும் இதைக் கணக்கிட்டுக் காட்டினர். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பாலிஎதிலீனையும் பாலிபுரோப்பிலீனையும் சேர்த்து உருக்கினால்கூட அவை கலப்பதில்லை. பழைய பிளாஸ்டிக்கை வகை பிரிக்காமல் உருக்கி வார்த்த பொருள் எளிதில் முறிவது இதனால்தான்.

நம்முடைய இரண்டு பாலிமர்களும் கலந்திருப்பது அவற்றினிடையே உள்ள மெல்லிய கவர்ச்சியால். வெப்ப அசைவு கூடும்போது அந்தப் பிடி தளர்கிறது. போதாததற்கு, இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவடைகின்றன. அதுவும் பிரிவுக்கே துணைபோகிறது.

பிரியும் விதம் அழகானது. 1975-இல் நிஷி, வாங், க்வீ ஆகியோர் இதே கலவையை ஆராய்ந்து வெளியிட்டனர். ஏறத்தாழச் சம அளவில் கலந்தவை வேகமாகப் பிரியும்போது, முதலில் கடற்பஞ்சைப்போல் ஒன்றோடொன்று பின்னிய வலை தோன்றும். நேரம் ஆக ஆக அதன் இழைகள் தடித்து, அறுந்து, துளிகளாகத் திரளும். மெதுவாகக் குளிரவிட்டால் படலம் மீண்டும் தெளியக்கூடும். சட்டென்று குளிர்வித்தாலோ பாலிஸ்டைரீன் மிகுந்த பகுதிகள் இறுகி, அந்தக் கட்டத்து அமைப்பு அப்படியே நின்றுவிடும். ஆக, எவ்வளவு சூடு என்பது மட்டுமல்ல, எவ்வளவு நேரம், எப்படிக் குளிர்வித்தோம் என்பவையும் கணக்கில் வருகின்றன. (பிளாஸ்டிக்கை வீட்டில் சூடேற்றிப் பார்க்காதீர்கள், அதன் புகை கெடுதலானது.)

இனி மேற்பரப்பு. பிரிவு நிகழாத, தெளிவான படலத்தில்கூட மேல்முகம் உட்புறத்தைப்போல் இருப்பதில்லை. பரப்பு இழுவிசை குறைந்த பொருள் மேலே வந்தால் மொத்த ஆற்றல் குறையும். இங்கே குறைந்த இழுவிசை ஈதர் பாலிமருக்கு. சங்கிலிகள் நகரும் அளவுக்கு மிதமாகச் சூடேற்றி வைத்திருந்தால் அது மேல்முகத்தில் சேர்கிறது. எக்ஸ் கதிர் பட்டு வெளிவரும் எலெக்ட்ரான்கள் மேலேயுள்ள சில நானோமீட்டர் ஆழத்தின் சேதியை மட்டுமே கொண்டுவரும். அவற்றை அளந்து 1988-இல் பாட்டியா, பான், கோபர்ஸ்டைன் ஆகியோர் இதை உறுதிசெய்தனர். மையும் பசையும் முதலில் தொடுவது அந்தச் சில நானோமீட்டரைத்தான். உள்ளே எது எவ்வளவு இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது.