செல்லப்பிராணி வைத்தியச் செலவைக் குறைக்க

தனியார் கால்நடை மருத்துவமனைகளில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அறுவை சிகிச்சை என்று கட்டணம் கூடிக்கொண்டே போகிறது. இதில் ஒரு பகுதி தவிர்க்கக்கூடியது. நாய்க்குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் பார்வோ தடுப்பூசியைத் தொடங்கி, 16 வாரம் வரை 3-4 வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும். நோய் வந்துவிட்டால் பல நாள் டிரிப்ஸ் ஏற்ற நேரிடும். உண்ணிக் காய்ச்சலும் அப்படியே: உண்ணி மருந்து சிகிச்சையைவிட மலிவு. கருத்தடை செய்த பெட்டை நாய்க்குக் கருப்பையில் சீழ்பிடிக்கும் ஆபத்து அநேகமாக இல்லை.

சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்களிலும் செலவு குறைவு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போவது நல்லது. வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுப்பதுதான் மோசமான சிக்கனம். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையின் உயிரைப் பறிக்கலாம். காப்பீடு எடுப்பவர்கள் காத்திருப்புக் காலத்தையும் விலக்கப்பட்ட நோய்களையும் முதலில் படிக்க வேண்டும்.