விமானத்து வாஷ்பேசின் தண்ணீர் எங்கே போகிறது?

விமானக் கழிப்பறைக் கழிவை நடுவானில் திறந்துவிடுகிறார்கள் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். ஒரு சொட்டுகூட வெளியே போகாது என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை.

கழிப்பறைக் கழிவு உறிஞ்சு குழாய் வழியாக மூடிய தொட்டிக்குப் போய்விடும். தரையிறங்கிய பிறகு ஊழியர் வெளியிலிருந்து வால்வைத் திறந்தால்தான் தொட்டி காலியாகும். பறக்கும்போது விமானி நினைத்தாலும் திறக்க முடியாது.

வாஷ்பேசின் தண்ணீரும் பணிப்பெண்கள் காபி கலக்கும் இடத்துச் சிங்க் தண்ணீரும் வேறு வழியில் போகின்றன. பெரும்பாலான ஜெட் விமானங்களில் அடிவயிற்றில் ஒரு சிறு குழாய் துருத்திக்கொண்டிருக்கும். பறக்கும்போதே தண்ணீர் அதன் வழியாக வெளியேறுகிறது. உள்ளே காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அந்த வித்தியாசமே தண்ணீரைத் தள்ளிவிடும். பேசினில் ‘உஸ்ஸ்’ என்று கேட்பது அதனால்தான். வெளியே போன தண்ணீர் பொடித்துளிகளாகச் சிதறி மறைந்துவிடும். யார் தலையிலும் விழாது. வானத்தில் தெரியும் வெள்ளைக் கோடும் இதுவல்ல. அது இன்ஜின் புகையிலுள்ள நீராவி உறைந்து உண்டாவது.

‘வெறும் கை கழுவிய தண்ணீர்தானே, அதனால் என்ன ஆகிவிடும்?’ என்ற எண்ணம்தான் எனக்குக் கவலை தருகிறது. 35,000 அடி உயரத்தில் வெளியே மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர். வடிகுழாய் உறையாமல் காப்பது மின்சார ஹீட்டர்.

2008 ஜனவரி 7 அன்று லண்டனிலிருந்து பாங்காக் வந்த குவாண்டாஸ் 747 விமானத்தில் வடிகுழாய் பனிக்கட்டியால் அடைத்துக்கொண்டது. தண்ணீர் தரையில் வழிந்து, கீழேயுள்ள மின்கருவி அறைக்குள் இறங்கியது. கருவிகளுக்கு மேலே தண்ணீரைத் தடுக்க வேண்டிய கூரைத் தகட்டில் விரிசல் இருந்தது. நான்கு முக்கிய மின்தடங்களில் மூன்று செயலிழந்தன. பாங்காக் பக்கத்தில் இருந்ததால் பேட்டரி தீர்வதற்குள் இறங்க முடிந்தது. இதே கோளாறு நடுக்கடலில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பதறுகிறது.

வானிலிருந்து விழும் நீலப் பனிக்கட்டிக்கும் பேசினைக் குறை சொல்வார்கள். அது கழிப்பறை வால்வு கசிந்து, வெளியே உறைந்து திரள்வது. கிருமிநாசினியின் நிறம்தான் அந்த நீலம். 1990 ஜனவரியில் புளோரிடா வானில் ஒரு நார்த்வெஸ்ட் 727 விமானத்தின் கசிவுப் பனி உடைந்து இன்ஜினுக்குள் போனது. இன்ஜின் அப்படியே கழன்று விழுந்தது. விமானம் டாம்பாவில் பத்திரமாக இறங்கியது. இந்தியாவிலும், பறக்கும்போது கழிவைக் கொட்டும் விமானங்களுக்கு 50,000 ரூபாய் அபராதம் விதிக்கும்படி 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

டிஷ்யூவையும் மிச்சப் பாலையும் சிங்க்கில் போடாதீர்கள். அடைப்பும் கசிவும் பயணியின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர் தரைக்கடியில் தேங்கி அலுமினியச் சட்டங்களை அரிக்கும். பராமரிப்புக்குத் தரைப்பலகையைக் கழற்றும்போது சமையல் பகுதிக்கும் கழிப்பறைக்கும் அடியில் மறக்காமல் அரிப்பைத் தேடுவது இதற்காகத்தான்.