முதல் பத்துக் கோழி: பல்க் கட்டிங்குக்கு முன் ஒரு சாம்பிள்

திருப்பூரில் ஒரே சம்பளத்தை நம்பி இருப்பது ரிஸ்க். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. துணிக்குச் சாயம் ஏறாவிட்டால் டைலருக்கும் வேலை இல்லை. 2025 ஆகஸ்ட் கடைசியில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்க வரி 50 சதவீதமானது. மறுபடியும் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. செகண்ட் இன்கம் தேடுகிறவர்கள் நாட்டுக்கோழிப் பக்கம் திரும்புவது நியாயம்தான்.

ஆனால் போனஸ் கைக்கு வந்ததும் எடுத்த எடுப்பில் நூறு குஞ்சு வாங்காதீர்கள். சாம்பிள் அப்ரூவ் ஆகாமல் எந்தக் கட்டிங் மாஸ்டரும் பல்க் துணியில் கத்தி வைக்க மாட்டார். முதல் பத்துக் கோழிதான் உங்கள் சாம்பிள்.

1. போட்டி யாருடன்?

பக்கத்திலேயே பிராய்லர் பண்ணைகள் நிறைந்த பல்லடம். பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ வர ஐந்து மாதம் பிடிக்கும். விலையில் மோதினால் தோற்பீர்கள். நீங்கள் விற்பது நம்பிக்கை. கிராஸ் கோழியை நாட்டுக்கோழி என்று சொல்லி விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். சிறுவிடையோ பெருவிடையோ ஒரே ரகமாக வளர்த்து, வாங்குகிறவரை வீட்டுக்கே வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

2. கூட்டைச் சாத்துவது யார்?

குஞ்சு வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு நீங்கள் வீடு சேரும்போது இரவு ஒன்பதாகிவிடும். கோழியோ பொழுது சாயும்போதே அடைந்துவிடும். மாலை ஆறரைக்குக் கூட்டைப் பூட்ட வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அப்படி ஆள் இல்லையென்றால் இந்த வருடம் வேண்டாம். லைன் வீட்டில் குடியிருந்தால் ஓனரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். விடியற்காலைச் சேவல் சத்தம் வாடகை வீட்டையே காலி செய்ய வைக்கும். முட்டைக்காக மட்டும் வளர்ப்பதென்றால் சேவலே தேவையில்லை.

3. டெலிவரி தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மெர்ச்சண்டைசர் ஷிப்மெண்ட் தேதியை வைத்துத்தான் நூல் வாங்கும் தேதியைக் குறிப்பார். கோழிக்கும் அதே கணக்கு. புரட்டாசியில் பலர் கவுச்சி தொடமாட்டார்கள். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார்கள். நடுவில் ஐப்பசியில் தீபாவளி. அப்போது ஐந்து மாதக் கோழி கையில் இருக்க வேண்டுமென்றால், ஆனியில் ஒரு மாதக் குஞ்சு வாங்குங்கள். ஒரு நாள் குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும். பல்பு போட்டு ராப்பகலாகப் பார்க்க வேண்டும். ஷிஃப்ட்டுக்குப் போகிறவருக்கு அது ஒத்துவராது.

4. கூடு

பத்துக் கோழி இரவில் தங்க 20 சதுர அடி போதும். ஐந்தடி நீளம், நாலடி அகலம், தரையிலிருந்து இரண்டடி உயரம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அடிக்காது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும். மேற்குப் பக்கத்தை அடைத்துவிடுங்கள். கீரி நுழையாத அளவுக்கு நெருக்கமான கம்பி வலை போடுங்கள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் ஆட்டுப்பட்டியிலேயே புகுந்து குதறியிருக்கின்றன; தாழ்ப்பாளில் கஞ்சம் பிடிக்காதீர்கள். தரைக்கு உமி அல்லது கடலைத்தோல் போடலாம். பனியன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம். நூல் காலைச் சுற்றி இறுக்கும்; விழுங்கினால் இரைப்பையை அடைக்கும்.

5. தடுப்பூசி

பண்ணையைக் காலி செய்வது வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய். வந்தபின் மருந்து இல்லை. குஞ்சு வாங்கும்போதே, முதல் வாரச் சொட்டு மருந்து எந்தத் தேதியில் போட்டார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். ஆறாவது வாரம் அம்மைத் தடுப்பூசி, எட்டாவது வாரம் இறக்கையில் வெள்ளைக்கழிச்சலுக்கான ஆர்.டி.வி.கே. ஊசி. தேதிகளை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். தடுப்பூசிக் குப்பி பெரும்பாலும் பல டோஸாகத்தான் வரும். கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தெருவில் கோழி வைத்திருப்பவர்களோடு சேர்ந்து போடுங்கள். பிப்ரவரியில் அரசே கோழிக்கழிச்சல் (இதே வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாம் நடத்துகிறது.

6. காஸ்டிங் ஷீட்

மேய்ச்சல் இருந்தால் வளர்ந்த கோழி ஒன்றுக்குக் கையிலிருந்து தினம் 50 கிராம் தீனி என்று வையுங்கள். பத்துக் கோழிக்கு மாதம் 15 கிலோ. மேய்ச்சல் இல்லையென்றால் இரட்டிப்பாகும். கம்பு, சோளம், குருணை, தவிட்டோடு அசோலாவும் சேர்த்தால் செலவு குறையும். பத்தில் இரண்டு சாகும் என்று முதலிலேயே வேஸ்டேஜ் போட்டுவிடுங்கள். குஞ்சு, தீனி, மருந்து, கூட்டுச் செலவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, கூட்டி எட்டால் வகுத்தால் வருவதுதான் ஒரு கோழியின் அடக்க விலை. அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

7. விற்பனை

முதல் கஸ்டமர்கள் உங்கள் கம்பெனியிலேயே இருக்கிறார்கள். ஷிஃப்ட் நேரத்தில் வியாபாரம் பேசாதீர்கள். சூப்பர்வைசர் கண்ணில் பெயர் கெட்டால் இருக்கிற வேலைக்கே ஆபத்து. சனிக்கிழமை சம்பளம் வாங்கி வெளியே வரும்போது புக்கிங் எடுங்கள். கடன் கிடையாது. நோய் கண்ட கோழியை விற்காதீர்கள். செத்ததை ஆழமாகப் புதையுங்கள். ஒரு கெட்ட கோழி போனால் லைன் முழுக்கச் செய்தி பரவும். குண்டடம், கன்னிவாடி சந்தைகளுக்கு ஒருமுறை போய், வாங்காமல் விலையை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.

8. ஸ்கீம் என்றால் உஷார்

பணம் கட்டினால் குஞ்சு தருகிறோம், மாதாமாதம் வருமானம் தருகிறோம், திரும்ப நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்ற பேச்சை நம்பிப் பலர் ஈமு கோழியில் சேமிப்பை இழந்தார்கள். பெருந்துறையில் 2012-ல் அந்த ஈமு நிறுவனம் கவிழ்ந்ததை மறக்காதீர்கள். காசு போடுவதென்றால் பயிற்சியில் போடுங்கள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் திருப்பூரிலேயே இருக்கிறது. அங்கே பயிற்சித் தேதியைக் கேட்டு, வாரக்கடைசியாக இல்லாவிட்டால் ஒரு நாள் லீவு போடுங்கள்.

தீபாவளி முடிந்ததும் நோட்டைத் திறந்து பாருங்கள். எட்டுக் கோழி தேறி, அடக்க விலைக்கு மேல் விற்று, வேலைக்கு ஒரு நாளும் பங்கம் வரவில்லையென்றால் சாம்பிள் பாஸ். நல்ல பெட்டைகளில் சிலவற்றையும் ஒரு சேவலையும் விற்காமல் நிறுத்துங்கள். பெட்டை அடைக்கு வந்ததும் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்தால் 21 நாளில் குஞ்சு உங்கள் வீட்டிலேயே பொரியும். 250 கோழிப் பண்ணைக்கு 50 சதவீத மானியம் தரும் அரசுத் திட்டத்தைப் பற்றிக் கால்நடைத் துறையில் விசாரிக்க அதுதான் சரியான நேரம். தேறவில்லையா? எங்கே பிசகியது என்று அதே நோட்டு சொல்லும். பத்தில் கற்றுக்கொண்டால் நூறில் இழக்க வேண்டியதில்லை.