எந்த வளையத்தில் தட்டுகிறாய்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

படங்கள் கிடைத்தன. தாத்தா ஓட்டிய மார்க் 3 அம்பாசிடரின் கியர்பாக்ஸை நீயே இறக்கிப் பிரித்திருக்கிறாய் என்று அக்கா சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல வரவில்லை. எல்லா பேரிங்கையும் மாற்றிவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். நல்லதுதான். ஆனால் வாங்குவதற்கு முன்னும் மாட்டுவதற்கு முன்னும் சில விஷயங்களை நீ தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. பேரிங் இன்றைக்கும் கிடைக்கும், நாளைக்கும் கிடைக்கும். ஷாஃப்டும் கியரும் கியர்பாக்ஸின் கூடும் அப்படியல்ல. ஆகவே எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும் பேரிங்கைப் பலி கொடுத்து ஷாஃப்டைக் காப்பாற்று. பழைய பேரிங் கழன்று வராமல் அடம்பிடித்தால் புல்லர் போடு, பிரஸ்ஸில் கொடு. அதற்கும் அசையாவிட்டால் ஷாஃப்டில் கீறல் விழாதபடி வளையத்தை கிரைண்டரால் பாதி ஆழம் அறுத்து உளியால் பிளந்துவிடு. ஷாஃப்டின் நுனியில் சுத்தியலால் ஓங்கி அடிக்கவே அடிக்காதே.

கழற்றியதைக் குப்பையில் போட்டுவிடாதே. மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் வைத்துப் பார். ஓடுபாதையில் பால்ஸ் நின்ற இடைவெளியிலேயே சமதூரத்தில் பள்ளங்கள் இருந்தால், முன்பு யாரோ தப்பான வளையத்தில் அடித்து ஏற்றியிருக்கலாம். அதே இடைவெளியில் துருப்புள்ளி இருந்தால், வண்டி வருஷக்கணக்கில் நின்றபோது ஈரம் புகுந்திருக்கிறது. நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தால் எண்ணெய் இல்லாமல் சுட்டிருக்கிறது. உள் வளையம் உட்கார்ந்த இடத்தில் ஷாஃப்ட் கண்ணாடிபோல் பளபளத்தால் அதுதான் மோசம். வளையம் ஷாஃப்டின் மேலேயே வழுக்கிச் சுற்றியிருக்கிறது. அங்கே புது பேரிங்கைப் போட்டால் அதுவும் சுற்றும். சென்டர் பஞ்சால் ஷாஃப்டில் புள்ளி புள்ளியாகக் குத்தி டைட் ஆக்கித் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. சம்மதிக்காதே. அந்தப் புள்ளிகளின் முனைகள் சீக்கிரமே தேய்ந்து, பேரிங் மறுபடி ஆடும். லேசான தளர்ச்சி என்றால் பேரிங்குக்கென்றே வரும் ரிட்டெய்னிங் பசை போதும். அதிகம் என்றால் நல்ல லேத் பட்டறையில் உலோகம் ஏற்றி கிரைண்ட் செய்து வாங்கு.

இன்னொன்று. முதல் மூன்று கியரிலும் உறுமுகிறது, டாப் போட்டால் அடங்குகிறது என்று எழுதியிருந்தாய். டாப்பில் கிளட்ச் பக்கத்து ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் பூட்டிக்கொண்டு ஒரே துண்டாகச் சுற்றும். லே கியர் கூடவே சுற்றினாலும் அதன் மேல் பாரம் ஏறாது. மற்ற கியர்களில் இழுவை முழுவதும் லே கியர் வழியாகத்தான் போகிறது. ஆகவே முதலில் அங்கே பார். லே ஷாஃப்டின் மேலேயே ஊசி ரோலர்கள் நேரடியாக உருளுகின்றன, அதாவது ஷாஃப்டேதான் உள் ரேஸ். உன் மூன்றாவது படத்தில் அதன் ஒரு பக்கம் சொரசொரப்பாகத் தெரிகிறது. நகத்தால் வருடிப் பார். நகம் தட்டினால் ரோலரை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஷாஃப்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். லே கியரின் உள் துளையையும் அப்படியே தடவிப் பார்.

வாங்கும்போது பழைய பேரிங்கின் முகத்தில் உள்ள எண்ணை எழுதிக்கொண்டு போ. வெர்னியரால் மூன்று அளவும் எடுத்துக்கொள். 6207 என்றால் உள் விட்டம் 35, வெளி விட்டம் 72, அகலம் 17 மில்லிமீட்டர். கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள் விட்டம் வரும். 04 முதல் இந்தக் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் அம்பாசிடர் என்பது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் அங்குல பேரிங்குகளும் உண்டு. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் பேரிங்கை ஓர் அங்குல ஷாஃப்டில் ஏற்ற முடியாது. ‘கிட்டத்தட்ட அதேதான்’ என்று கடைக்காரர் சொன்னால் கிளம்பி வந்துவிடு.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் விட்டுவிடாதே. என்ஆர் என்றால் வெளி வளையத்தில் காடியும் அதில் மாட்டும் ஸ்னாப் ரிங்கும் உண்டு. அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பேரிங்கைப் போட்டால் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகரும். சி3 என்றால் உள்ளே இடைவெளி சற்று அதிகம். பழையதில் அது இருந்தால் புதியதிலும் இருக்கட்டும். இருபுறமும் ரப்பர் மூடிய 2ஆர்எஸ் பாதுகாப்பானது என்று தோன்றும். கியர்பாக்ஸுக்குள் பேரிங்குக்கு உயிர் கொடுப்பது பெட்டியில் சிதறும் எண்ணெய்தான், அதைத் தடுக்கும் மூடி எதற்கு? திறந்த பேரிங்கையே கேள். ஜெய்ப்பூர் என்பிசி ஆனாலும் எஸ்கேஎஃப் ஆனாலும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில் போட்டு வாங்கு. அச்சு அசல் அட்டைப்பெட்டியில் போலிச் சரக்கு வருகிறது.

இனி மாட்டும் வேலை. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உன் தட்டலின் விசை பால்ஸ் வழியாகப் போகவே கூடாது. ஷாஃப்டின் மேல் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் தள்ளு. கூட்டுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டியிருந்தால் இரண்டு வளையத்தையும் தொடும் தட்டை வைத்துத் தள்ளு. வெளி வளையத்தில் அடித்து ஷாஃப்டில் ஏற்றினால், ஒவ்வொரு அடியும் பால்ஸை ஓடுபாதையில் அழுத்திப் பள்ளம் பறிக்கும். கண்ணுக்குத் தெரியாது. கையால் சுற்றினால்கூடத் தெரியாமல் போகலாம். வண்டி ரோட்டில் ஏறியதும் உறுமல் திரும்ப வரும், நீ கம்பெனியைத் திட்டுவாய்.

உள் வளையத்தின் அளவுக்குச் சரியான பைப் துண்டு ஒன்றை லேத்தில் இரு முனையும் சமமாகக் கடைந்து வாங்கிக்கொள். அதைவிட நல்ல வழி சூடு. பேரிங்கை எண்ணெயில் மூழ்கவைத்து, அடித்தட்டில் படாமல் கம்பியில் தொங்கவிட்டு, 80 முதல் 100 டிகிரி வரை சூடாக்கு. 120-ஐத் தாண்டவிடாதே. உள் வளையம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு விரியும்; தடித்த கையுறையோடு எடுத்து நேராகப் போட்டால் தானாகவே இறங்கும். தோளில் முட்டும்வரை பிடித்துக்கொள், ஆறும்போது பின்வாங்கப் பார்க்கும். கேஸ் வெல்டிங் தீயை பேரிங்கின் பக்கத்திலேயே கொண்டுவராதே. கூடு அலுமினியமாக இருந்தால் வெளி வளையம் இறங்குவதற்குக் கூட்டைச் சூடாக்கு. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்.

மாட்டப்போகும் நிமிஷம்வரை பேரிங்கின் உறையைப் பிரிக்காதே. அதில் பூசியிருக்கும் எண்ணெயைக் கழுவவும் வேண்டாம். காற்றடித்து உலர்ந்த பேரிங்கை விர்ரென்று சுழலவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள், அதுவும் வேண்டாம்.

ஊசி ரோலர்கள் தனித்தனியாக வந்தால் எண்ணி வை. பிரிக்கும்போது எத்தனை, மாட்டும்போது எத்தனை என்று சுவரிலேயே எழுது. லே ஷாஃப்டின் விட்டத்தைவிடச் சற்றே குறைவாக, லே கியரின் நீளத்துக்கே ஒரு டம்மி ஷாஃப்ட் கடைந்துகொள். கிரீஸ் தடவி ரோலர்களை அதைச் சுற்றி ஒட்டவைத்து, கியரை உள்ளே வைத்து, அசல் ஷாஃப்டால் டம்மியை மெதுவாக வெளியே தள்ளு. பிறகு ஃபீலர் கேஜ் வைத்து லே கியரின் பக்கவாட்டு ஆட்டத்தைப் பார். கைப்புத்தகம் சொல்லும் அளவுக்கு மேல் இருந்தால் திரஸ்ட் வாஷரை மாற்று. சர்க்ளிப்பும் மடக்கு வாஷரும் எல்லாம் புதிதாகவே போடு. ஆயில் விஷயத்தில் கைப்புத்தகத்தை மட்டும் கேள். சின்க்ரோ வளையம் பித்தளை என்பதால் டிஃபரன்ஷியலுக்கான ஜிஎல்-5 ஆயிலை இதில் ஊற்றிவிடாதே.

லே ஷாஃப்டின் விட்டத்தை மூன்று இடத்தில் மைக்ரோமீட்டரால் அளந்து எனக்கு எழுது. திரஸ்ட் வாஷர் இரண்டின் கனத்தையும் சேர்த்து எழுது. கோவையில் பழைய அம்பாசிடர் சாமான் வைத்திருக்கும் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அளவு தெரிந்தால்தான் அவர் அலமாரியில் தேடுவார்.

அன்புடன்,
மாமா